சிவப்புப் புத்தகம் நாற்பத்து மூன்று

1964-ஆம் ஆண்டு ஜூலை எட்டாம் தேதி, புதன்கிழமை காலை, தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் மூன்றாம் லைனின் பொதுக்குழாயில் தண்ணீருக்குப் பதிலாகத் தட்டும் சத்தம் வந்தது. நாலு தட்டு, சிறிது இடைவெளி, மூன்று தட்டு. மறுபடியும் நாலு, மூன்று. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வரும் அந்தக் குழாய்க்கும் சுரங்கத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. முதலில் குடம் வைத்த ரத்தினம்மா அதைத் தூக்கியபோது குடம் நிறைகுடமாகக் கனத்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. இடுப்பில் வைத்ததும் விலாவில் நாலும் மூன்றும் தட்டியது. இன்றைக்கு எதில் உலை வைப்பது என்று அவள் குழாயைத் திட்டிவிட்டு ஜெயம்மாவைக் கூப்பிடப் போனாள். தட்டுகிற பழக்கம் அந்த லைனில் ஜெயம்மாவின் புருஷன் இன்பராஜுக்குத்தான் உண்டு. அவன் திங்கட்கிழமையிலிருந்து பூமிக்கடியில் அகப்பட்டுக் கிடந்தான்.

இன்பராஜ் பாறையில் துளை போடும் மிஷின்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில், கோயிலில் பாடப்போகும் பாட்டுகளின் எண்களைப் பலகையில் மாட்டுவது அவன் பொறுப்பு. அந்தச் சபையில் இரண்டு பாட்டுப் புத்தகங்கள் இருந்தன: வெள்ளைக்காரப் பாதிரிமார் கொண்டுவந்த ராகங்கள் கறுப்பு அட்டையில், கைத்தாளம் போட்டுப் பாடும் நம் ராகங்கள் சிவப்பு அட்டையில். இரண்டிலும் எண் ஒன்றிலிருந்தே தொடங்கும். பலகையில் எண் மட்டும் இருக்கும், வர்ணம் இருக்காது. பாதிச் சபை ஒரு பாட்டையும் மீதிச் சபை இன்னொன்றையும் ஆரம்பித்துவிட்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வது மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். 1956-இல் கல்யாணமான நாள் முதல், ஷிப்ட் முடிந்து வந்தால் இன்பராஜ் பெண்டாட்டியைக் கூப்பிட மாட்டான். அன்று மனதில் ஓடிய பாட்டின் எண்ணைக் கதவில் தட்டுவான். முதல் குழந்தை காய்ச்சலில் போனது. இரண்டாவது பிறந்த அன்றே போனது. நெஞ்சில் தூசி கட்டி இருமலில் ரத்தம் வந்தது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை. இவனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தச் சந்தோஷம் என்று எரிச்சல்பட்டு, ஜெயம்மா கதவைத் திறக்காமல் அவனை வெளியிலேயே நிறுத்தியதும் உண்டு.

திங்கட்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு ஏர் பிளாஸ்ட் வந்தது. ஆழத்தில் பாறை தானாக வெடிப்பதற்கு அங்கே அதுதான் பெயர். மேலே அலமாரிப் பாத்திரங்கள் உருண்டு விழ, பெண்கள் கடிகாரத்தைப் பார்த்து யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட் என்று கணக்குப் போடுவார்கள். சரிந்த பாறைக்குப் பின்னால் இன்பராஜும் அவனுடைய கூட்டாளி சம்பங்கியும் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு நாள் தோண்டினார்கள். பாறை திரும்பத் திரும்ப வெடித்ததில், மீட்கப் போனவர்களில் இருவருக்குக் கால் நசுங்கியது. உள்ளே உயிர் இருப்பதற்கு அடையாளம் கிடைக்காவிட்டால் புதன்கிழமை மாலை ஆறு மணிச் சங்கோடு வேலையை நிறுத்திச் சுவர் எழுப்பிவிடுவது என்று ஷிப்ட் கேப்டன் ஆர்தர் முடிவெடுத்திருந்தார். அவர் கெட்டவர் அல்ல. மறுபடி ஆள் அனுப்பினால் அவர்கள் பெண்டாட்டிகளுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

குழாயடியில் கூட்டம் கூடியது. போதகர் வந்து, இரண்டு முறை எண்ணிப் பார்த்து, கையிலிருந்த கறுப்புப் புத்தகத்தில் நாற்பத்து மூன்றைத் திறந்தார். அடக்க ஆராதனைப் பாட்டு. அவர் முகம் போன போக்கைப் பார்த்தே சம்பங்கியின் பெண்சாதி மண்ணில் விழுந்து அழ ஆரம்பித்தாள். மாலை ஐந்தரை மணிக்குத்தான் ஆர்தர் வந்து காது கொடுத்துக் கேட்டார். "ஆள் இறக்குற கேஜுக்கு அடிக்கிற பெல்லுல இப்படி நாலும் மூணும் கிடையாதும்மா. பாறை அமர்ற சத்தம் இது" என்று தொப்பியைக் கழற்றினார்.

ஜெயம்மா தொப்பியைப் பார்த்தாள். "இன்னா சார், அதுக்குள்ள தொப்பிய எடுக்கறீங்க? கறுப்பு புஸ்தகத்த அவரு ஒரு நாளும் தட்னதே இல்ல. கொழந்த செத்த அன்னிக்கும் செவப்புதான் தட்னாரு. நான்தான் கதவத் தொறக்கல" என்றாள். சிவப்பில் நாற்பத்து மூன்று, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகைக்குப் பாடுகிற பாட்டு. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு முதல் அடியைப் பாடினாள். அடி முடிகிற இடத்தில் சபை இரண்டு முறை கைதட்டும். அவள் தட்டவில்லை, நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். குழாய் இரண்டு முறை தட்டியது. இரண்டாவது அடியைப் பாடினாள். அதற்கும் இரண்டு. எட்டு வருஷமாக அவன் கொண்டுவந்து கதவில் வைத்ததெல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தது போல ஜெயம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது. ஆர்தர் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு அடுத்த ஷிப்டைக் கீழே அனுப்பினார்.

வியாழன் நண்பகலில் பாறை வழிவிட்டது. சம்பங்கி உயிரோடிருந்தான்; பாறைக் கசிவை நக்கிக் குடித்திருந்தான். அவனிடமிருந்து நாலடி தள்ளி இன்பராஜ் கிடந்தான். திங்கட்கிழமை பாறை விழுந்த நிமிஷத்திலேயே உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சம்பங்கி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "வெளக்கு அணைஞ்சி பூட்ச்சி. அண்ணன் தட்டிக்கினே இருந்தாரு, டாக்டர். நான் எண்ணிக்கினே இருந்தேன். அதனாலதான் தூங்கல, சாவல" என்றான். டாக்டர் தேதியையும் மாற்றவில்லை, மேற்கொண்டு எதுவும் கேட்கவும் இல்லை. ஜெயம்மா அன்று முழுக்க நெஞ்சு வெடிக்க அழுதாள். நடுவில் ஒருமுறை, அந்தச் சந்தோஷம் போயிருக்கும் என்று உள்ளே தேடிப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அடக்கம். போதகர் ஒரு கையில் கறுப்பும் மறு கையில் சிவப்புமாக நின்று, "ரெண்டு நாப்பத்து மூணும் சரிதான் போலக் கீதும்மா. எதப் பாடறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஜெயம்மா சிவப்பைக் காட்டினாள். சவ ஊர்வலத்தில் அறுப்புப் பாட்டைக் கேட்டுக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கையில் சவப்பெட்டியும் குடையும் புத்தகமுமாக இருந்ததால் அடி முடியும் இடத்தில் யாரும் கைதட்டவில்லை. தட்டு பெட்டிக்குள்ளிருந்து வந்தது, இரண்டு முறை. தூக்கியவர்கள் பெட்டியை இறக்கவில்லை. தோளை மாற்றிக்கொண்டு அந்தத் தாளத்துக்கு நடந்தார்கள். கண்ணீரைத் துடைக்காமல் ஜெயம்மா அடுத்த அடியை எடுத்தாள். அதன்பிறகு சபையார் ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவனுக்கு இடம் விட்டுப் பாடினார்கள்.