உயிரோடிருப்பவனுக்கு ஒன்பது நாள் செபம்

நாலு மணிக்கு யமில் கரபாயோவின் மஞ்சள் குடை கிணற்றுத் தெரு முனையில் திரும்பும். குடைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், கையில் தண்ணீர் போத்தலும் வெயிலில் சிவந்த கழுத்துமாக வருவார்கள். கார்த்தஹேனா நகரின் ஹெத்செமனிப் பேட்டையில், வழிகாட்டியாக வெளியூர்க்காரர்களுக்கு அவன் நடத்திக் காட்டும் பதினோரு இடங்களில் எங்கள் வீட்டு வாசல் எட்டாவது.

"இந்தக் கதவப் பாருங்க," என்பான். "எலியேசர்னு ஒருத்தர். டோமினோ பைத்தியம். ஒருநாள் பந்தயம் வைக்க கையில ஒண்ணுமில்ல. என்ன வெச்சார் தெரியுமா? பெண்டாட்டிய. வெனிசுலா மாலுமி ஒருத்தன் ஜெயிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான். அன்னியிலேர்ந்து மனுஷன் கதவுக்குத் தாழே போடறதில்ல. மூணு தட்டு தட்டிப் பாருங்க, உள்ள டோமினோ காய் உருளற சத்தம் கேக்கும்."

தட்டுவார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்டதாகச் சொல்வார். சிரிப்பார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டிய கட்டிலில், வீங்கிய கால்களோடு என் அப்பா படுத்திருப்பார். முதல் வாரம் அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. "துலியா மகனா அது? நல்லா பேசறானே," என்றார். பிறகு ஒருநாள், கதை பாதியில் இருக்கும்போது, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கார்த்தஹேனாவின் மே மாதப் புழுக்கத்தில் மனிதர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு நான் சாத்தினேன். பலகை வழியாகச் சிரிப்பு மட்டும் வரும்.

நடந்தது இவ்வளவுதான். எனக்கு ஆறு வயதானபோது அம்மா வெனிசுலாவில் இருக்கும் மரக்காய்போவுக்கு ஒரு வீட்டில் சமைக்கப் போனாள். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. அப்பா இருபத்திரண்டு வருஷம் கதவுக்குத் தாழ் போடவில்லை. டோமினோ ஆடினார், ஞாயிற்றுக்கிழமைகளில், பக்கத்து வீட்டு நிக்கானோர் மாமாவோடு. பந்தயம் ஒரு பீர். பெரும்பாலும் தோற்றுப்போவார்.

யமிலிடம் ஒருமுறை கேட்டேன். மாதா கோயில் சதுக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"யமில், எங்கப்பா கதைய விட்டுடு. அவருக்குக் காது கேக்குது."

"அட, அவர நான் பிரபலமாக்கியிருக்கேன் லெதிஸ். ஜெர்மன்காரனுக்கெல்லாம் எலியேசரத் தெரியும்."

"அது பொய்டா."

"பொய்யில்ல தங்கச்சி, கதை. உள்ளதச் சொன்னா எவன் நிப்பான்? 'இங்க ஒருத்தர் இருந்தார், பெண்டாட்டி வேலைக்குப் போனா, திரும்பி வரல.' இதுக்கு வெயில்ல நிக்கணுமா?"

அப்பா ஆகஸ்டில் இறந்தார். கூடத்துச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, நடுவில் கறுப்புக் காகிதப் பட்டாம்பூச்சி குத்தி, கீழே ஒரு பீடத்தில் அவர் படமும் மெழுகுவர்த்திகளும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தோம். ஒன்பது நாளும் ஆன்மா வீட்டிலேயே இருக்கும், அதற்குத் தாகம் எடுக்கும். ஒன்பதாம் நாள் சீலையை இறக்கி ஆன்மாவை வெளியே அனுப்பிவைப்போம். அதுவரை அந்தத் தம்ளரில் வேறு யாரும் வாய் வைப்பதில்லை. குழந்தைகள்கூட.

நாலாம் நாள், கதவு திறந்திருக்க, செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தபோது மஞ்சள் குடை வந்தது. நான் ஜன்னலைச் சாத்த மறந்திருந்தேன். யமில் குரலைத் தாழ்த்திக்கொண்டான். என்னால் மன்னிக்கவே முடியாதது அந்தத் தாழ்த்தலைத்தான். அதை அவ்வளவு அழகாகச் செய்தான்.

"நீங்க அதிர்ஷ்டக்காரங்க," என்றான். "டோமினோ எலியேசர் போயிட்டார். இது நெஜமான துக்க வீடு. சத்தம் போடாம படம் எடுத்துக்கலாம்."

நிலைப்படிக்கு மேலாகப் பதின்மூன்று போன்கள் நீண்டன. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்து, "இதுல எந்தம்மா அந்தப் பெண்டாட்டி?" என்று கேட்டாள்.

அப்பாவை ஒன்பதாம் நாள் அனுப்பினோம். அடுத்த திங்கட்கிழமை அதே சீலையை அதே ஆணிகளில் மறுபடி கட்டினேன். தண்ணீர்த் தம்ளரும் வைத்தேன். படம் மட்டும் வேறு. யமிலின் விளம்பரத் தாளில் பல் தெரியச் சிரிக்கும் படம் இருக்கிறதே, அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தேன்.

செபம் சொல்ல எத்தெல்வினா அம்மாளைக் கூப்பிட்டேன். நாற்பது வருஷமாக இந்தப் பேட்டையின் சாவுகளுக்கெல்லாம் அவர்தான்.

"உயிரோட இருக்கறவனுக்கு இறந்தோர் செபமா? பாவம்டி," என்றார்.

"மூணாவது எடத்துல உங்க வீட்டக் காட்டி என்ன சொல்றான்னு தெரியுமா?"

"தெரியும். சூனியக்காரியாம். ஆட்டுக்கால் இருக்காம் எனக்கு." செபமாலையை விரலில் சுற்றியபடி யோசித்தார். "ஞானஸ்நானப் பேரச் சொல்ல மாட்டேன். 'அந்த வாயாடி'ன்னு சொல்றேன். கடவுளுக்கு யாருன்னு தெரிய வேணாம்."

தெருவில் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கதை அவனிடம் மாட்டியிருந்தது. நிக்கானோர் மாமாவின் அம்மா, தெருவுக்கே துணி துவைத்த மனுஷி, அவன் வாயில் கொள்ளைக்காரர்களின் ஆசைநாயகி.

முதல் நாள் குடை திரும்பியபோது நாங்கள் கறுப்பில் உட்கார்ந்திருந்தோம். யமில் படத்தைப் பார்த்தான். ஒரு கணம் குடை ஆடியது. பிறகு சிரித்தான்.

"பாத்தீங்களா, இவங்களுக்கு என்மேல எவ்வளவு பாசம்னு."

"யார் இறந்துபோனது?" என்று போகோத்தாவிலிருந்து வந்த ஒரு பெண் நிக்கானோர் மாமாவிடம் கேட்டாள்.

"வழிகாட்டி ஒருத்தன்மா. நல்லாப் பேசுவான், பாவம்."

"எப்படி?"

"நாக்கு வீங்கி. சவப்பெட்டியில வாய் மூட மாட்டேன்னுடுச்சு. கைக்குட்டை வெச்சுக் கட்டித்தான் அனுப்பினோம்."

அவள் படத்தையும் யமிலையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட்டம் கைதட்டியது. இரண்டாம் நாள் நான் சொன்னேன்: பதினாலு வயசு வரைக்கும் பாயை நனைத்தவன், அந்த வெட்கத்தில் செத்தான். மூன்றாம் நாள், பெற்ற அம்மாவையே சீட்டில் வைத்துத் தோற்றவன். அதைச் சொன்னபோது என் வாய் இனித்தது. ஆனால் கூட்டம் நாளுக்கு நாள் பெருத்தது. நாலாம் நாள் முப்பது பேரைக் கூட்டிவந்தான், வேறு இரண்டு வழிகாட்டிகளும் பின்னால் வந்தார்கள். போகும்போது யமில் என் பக்கம் குனிந்தான்.

"நன்றி லெதிஸ். பன்னிரண்டாவது எடம் கெடச்சிருச்சு."

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் தெருக்காரர்களிடம் பேசினேன்.

"நாம அவனுக்குக் கூத்துக் கட்டிட்டிருக்கோம்," என்றேன். "இனிமே வெளியூர்க்காரங்க கிட்ட வாயத் திறக்காதீங்க. சிரிக்காதீங்க. செபம் மட்டும் சொல்லுவோம். மத்தபடி, செத்தவன் வந்து குட்மார்னிங் சொன்னா யாராவது பதில் சொல்லுவாங்களா?"

"சவரக்கடைக்கு வந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாற்காலி காலியா இருக்கு. அடுத்த ஆளக் கூப்பிடு."

அப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் காலை அவன் அரெப்பா என்னும் சோள அடை விற்கும் வண்டி முன்னால் நின்று மூன்று முறை கேட்டான். வண்டிக்காரி அவனைத் தாண்டி அடுத்தவனிடம், "உங்களுக்கு முட்டை வெச்சதா?" என்றாள். முற்றம் காட்டும் வீடுகள் முற்றம் காட்டவில்லை. தேங்காய் மிட்டாய் நீட்டும் கிழவர் தட்டை மூடிக்கொண்டார். அவன் வணக்கம் சொல்லச் சொல்ல, தெரு அவன் வழியாக அந்தப் பக்கம் பார்த்தது.

ஆறாம் நாள் வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒன்பது பேர்தான் பின்னால். நாங்கள் செபம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் இரண்டு நகைச்சுவை சொன்னான், யாரும் நிமிரவில்லை. கூட்டம் கால் மாற்றி நின்றது. அவன் நிலைப்படியைத் தாண்டி நேராகப் பீடத்துக்கு வந்தான்.

"செத்தவனுக்குத் தாகமா இருக்குங்க," என்று வாசல் பக்கம் திரும்பிக் கண்ணடித்துவிட்டு, தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

வெளியூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே எத்தெல்வினா அம்மாளின் கையிலிருந்து செபமாலை நழுவித் தரையில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. நிக்கானோர் மாமா சிலுவை போட்டுக்கொண்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். யமிலும் எங்களுக்கு நடுவில் வளர்ந்தவன்தானே. காலித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், தான் என்ன செய்துவிட்டான் என்பது அவன் முகத்தில் மெல்ல ஏறியது. தம்ளரைத் திரும்ப வைக்கும்போது அது பீடத்து விளிம்பில் பட்டுக் கிணுகிணுத்தது.

"வெளையாட்டுக்கு," என்றான். "சும்மா வெளையாட்டுக்கு."

எனக்கும் முதுகு சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கடியில் ஒரு குளிர்ந்த சந்தோஷம் இருந்தது, ஆழத்திலிருந்து இறைத்த நீர் மாதிரி. நான் எழுந்து தம்ளரைக் கழுவி மறுபடி நிரப்பி வைத்தேன்.

அதன்பிறகு யாருக்கும் நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஏழாம் நாள் அவன் வரும் பக்கத்திலிருந்து குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள். எட்டாம் நாள் குடை வரவே இல்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவன் அம்மா துலியா வந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு. கையில் மாவு அப்படியே இருந்தது.

"மகளே, அவன் சாப்பிடறதில்ல," என்றார். "தண்ணிய வாய்கிட்ட கொண்டுபோயிட்டு அப்படியே வெச்சுடறான். கண்ணாடியில மூச்சு விட்டு விட்டுப் பாக்கறான்."

நான் பீடத்தில் உறைந்திருந்த மெழுகைச் சுரண்டினேன்.

"உங்கப்பா எனக்கும் அண்ணன் மாதிரி. எம்புள்ள பண்ணது தப்பு. இன்னிக்கு சீலைய எறக்கிடாத. எறக்கிட்டா அவன் போனவன்தான், இந்தத் தெரு திரும்ப எடுத்துக்காது. எனக்குத் தெரியாதா இந்தத் தெருவ? நாலு மணிக்கு அவன் இங்க வந்து, கூட்டத்து முன்னாடி, உள்ளத உள்ளபடி சொல்லுவான். நான் சொல்ல வெக்கறேன்."

"வரட்டும்," என்றேன்.

அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு வந்தான். பின்னால் ஆறு பேர். முகம் வற்றியிருந்தது. வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தான்.

"இந்த வீட்டப்பத்தி நான் சொன்னதெல்லாம் பொய். இங்க எலியேசர் மரிமோன்னு ஒருத்தர் இருந்தார். அவர் மனைவி பொழைப்புக்கு மரக்காய்போ போனாங்க. ரெண்டு வருஷம் கடிதம் வந்துச்சு. அப்புறம் வரல. அவர் இருபத்திரண்டு வருஷம் கதவுக்குத் தாழ் போடல."

நான் வேண்டியது இதுதான். இந்த வார்த்தைகள், இந்த வாசலில், இந்த வாயிலிருந்து. கூட்டத்தில் நரைமுடிக்காரி ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

யமில் அவளைப் பார்த்தான். அவன் தோள் நிமிர்வதை நான் பார்த்தேன். குரல் தாழ்ந்தது, அதே அழகான தாழ்வு.

"ராத்திரியில எழுந்து வாசல்ல நின்னு அவ பேரச் சொல்லிக் கூப்பிடுவார்," என்றான். "கப்பல் விளக்கு ஒவ்வொண்ணையும் பாத்து. அவர் செத்தப்போ தலையணைக்குக் கீழ ஒரு கடிதம் இருந்துச்சு. பிரிக்காத கடிதம். கடைசிக் கடிதம். படிச்சுட்டா அது முடிஞ்சிடுமேன்னு..."

அந்தத் தலையணை உறையை நாலு வருஷம் துவைத்தவள் நான். அதற்கடியில் ஒரு தைலப் புட்டி இருந்தது, வேறொன்றுமில்லை.

நரைமுடிக்காரி வெளிப்படையாக அழுதாள். நாளைக்கு அவன் இதைச் சொல்வான். மறுநாளும் சொல்வான், கடிதத்துக்கு ஒரு வாசனையும் சேர்த்து. என் அப்பாவைப் பார்த்து இனி சிரிக்க மாட்டார்கள், அழுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எத்தெல்வினா அம்மாளைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவர் எழுந்து முதல் மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கினார். துலியா, "மகளே," என்றார். இரண்டாவது. மூன்றாவது. நான் ஸ்டூலில் ஏறி ஆணிகளைப் பிடுங்கினேன். பட்டாம்பூச்சி என் மணிக்கட்டில் உரசி விழுந்தது. சீலை மொத்தமாக இறங்கியது. கூடத்தில் இருந்தவர்கள், யாரும் சொல்லாமலே, இரண்டு பக்கமும் சுவரோடு ஒதுங்கி, பீடத்திலிருந்து தெருக் கதவு வரை வழி விட்டார்கள்.

அந்த வழியின் முடிவில் யமில் நின்றிருந்தான்.

"லெதிஸ், சொல்லிட்டேன்ல," என்றான். "நிக்கானோர் மாமா. சொன்னேன்ல நான்?"

நிக்கானோர் மாமா கீழே பார்த்தபடி, போகிற ஆன்மாவுக்குக் காட்டும் மரியாதையில் தொப்பியைக் கழற்றினார். எத்தெல்வினா அம்மாள் நித்திய இளைப்பாற்றி செபத்தைச் சொல்லி, கடைசியில் முதல் முறையாக அவன் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னார். முழுசாக, அப்பா பெயர் அம்மா பெயர் இரண்டோடும். எல்லோரும் ஆமென் என்றோம். அந்த ஆமெனில் துலியாவின் குரலும் இருந்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர் உதடு அசைந்தது.

யமில் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தான். பிறகு திரும்பித் தெருவில் இறங்கினான். ஆறு பேரும் அவனோடு போவதா நிற்பதா என்று தெரியாமல் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வழக்கப்படி, அனுப்பி முடிந்ததும் இறந்தவரின் வீட்டாரிடம் துக்கம் சொல்ல வேண்டும். தெருவே வரிசையாக நின்றது. நான்தான் முதலில் போனேன். துலியாவின் முன் குனிந்து, மாவு காய்ந்த அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, அப்பாவுக்காக அவர் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.