சந்தனத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு

கிழக்கு வெளுக்கும் முன்பே ஷட்டரைத் தூக்கி, காகிதக் கட்டுகளை முதுகு நோக இழுத்து வந்து மிசினருகே போட்டிருந்தோம். கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்த அச்சகத்தில் மண்ணெண்ணெய், மை, வியர்வை மூன்றும் கலந்து நாறும். முதலாளி பூபதிராஜா அதை லட்சுமி வாசம் என்பார். வெயில் ஏறிய பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவர் உள்ளே வருவார்.

மிசின்காரர் ஈஸ்வரமூர்த்தி சுவிட்சைப் போட்டார். கிழட்டு ஆஃப்செட் உறுமி, விக்கி, ஓடியது. அதன் பக்கத்தைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதுங்க்கா. எண்ண ஏறுலியாட்ட இருக்குது."

"அப்படீன்னா செவப்பு லைட்டு எரியோணுமல்லொ?" என்றார் காகிதம் அடுக்கும் கருப்பாத்தாள் அக்கா.

விளக்கு இருந்த இடத்தில் சந்தனம்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டின் மேல் அக்கா வெள்ளிதோறும் வைத்ததும் சேர்ந்து அடையாகக் காய்ந்திருந்தது. சாமிப் பொட்டை யார் சுரண்டுவார்கள்? மூர்த்தியண்ணன் சுரண்டினார். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நானேதான வெச்சேன்," என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"லைட்டோட மணியும் அடிச்சிருக்கோணுமுங்க்கா," என்று மிசினை நிறுத்திவிட்டு அண்ணன் பின்தகட்டைக் கழற்றினார். மணிக்குப் போகும் வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

எனக்கு வேலை பிளேட் மாட்டுவது. டார்ச் பிடித்தேன். எண்ணெய்த் தொட்டியின் கண்ணாடியில் அளவு சரியாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றியதும் காகிதத் தூசியும் கரியும் குழைந்த சேறு வழிந்தது. மூலையில் கிடந்த கேனிலும் அதே தீய்ந்த நாற்றம். முதலாளியின் லாரியில் வடித்த கழிவு எண்ணெயை மிசினில் ஊற்றியிருந்தார்கள்.

போன மாதம், எங்களோடு வேலை பார்த்த செல்லத்துரை ரோலர் துடைக்கும்போது மிசின் இறுகி நின்று, திடீரெனத் துள்ளி, அவன் விரல்களை நசுக்கியது. குடித்துவிட்டு வந்தான் என்று சொல்லி முதலாளி அவனை வெளியே அனுப்பினார்.

முதலாளி வந்தார். நெற்றி நிறையச் சந்தனம்.

"ஏனப்பா நிக்குது? தேர் நோட்டீஸ் உச்சிக்குள்ள போகோணும். கோயில் காரியம்."

"எண்ண ஏறுலீங்க. மணி வயர ஆரோ வெட்டியிருக்கறாங்க."

"நாந்தான் வெட்டச் சொன்னேன். எந்நேரமும் கத்தீட்டே கெடந்துது. லைட்டு மேல இன்னொரு பொட்ட வெச்சுட்டு ஓட்டு."

சொல்லும்போது அந்த முகத்தில் கூச்சம் துளியும் இல்லை. காறித் துப்பவேண்டும் போல் இருந்தது.

"செல்லத்துரை குடிச்சிருந்தான்னு சொன்னீங்களே," என்றார் அக்கா.

"அத இப்ப எதுக்கு இளுக்கற? ஓட்ட முடியாதவங்க ஊட்டுக்குப் போங்க. எனக்கு ஆளா கெடைக்காது?"

மூர்த்தியண்ணன் மை துடைக்கும் துணியை அவரிடம் நீட்டினார். "ஒண்ணுமில்லீன்னு நீங்கதான சொல்றீங்க. நான் சுவிட்சப் போடறேனுங்க. நீங்க ரோலரத் தொடைங்க."

முதலாளி ரோலரைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் கைகள் போனால் அவருக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

"புது எண்ண, ஃபில்டரு, மணி. செல்லத்துரைக்கு நஷ்டஈடு, வேலை. அது வரைக்கும் ஒரு தாள் ஏறாதுங்க," என்றேன். அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்தார். மூவரும் காகிதக் கட்டுகள் மேல் உட்கார்ந்தோம். முதலாளி வாசலில் நின்று, வேறு ஆள் கேட்டு யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் செல்லத்துரைக்குப் போன் போட்டேன். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி வந்தவன் முதலாளியைக் கண்டதும் தயங்கி நின்றான்.

கருப்பாத்தாள் அக்கா நகர்ந்து இடம் விட்டார்.

"உள்ள வா சாமி. இங்க உக்காரு."