இரண்டு சாண் வெள்ளை

அப்பா வீட்டில் இல்லாத எட்டு நாளில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். கூடத்துச் சுவரில் இரண்டு சாண் அகலத்தை, யாரும் தொடாத சுவர் போல ஆக்கிவிட வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. முதல் நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள்; இடது கண் புரையை அப்புறம் எடுக்கலாம் என்றிருந்தார்கள். தூசி படக்கூடாது, குனியக்கூடாது, அழக்கூடாது என்று டாக்டர் போட்ட பட்டியலைக் கேட்டுவிட்டுத் தங்கை அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நான் காலையில் அலுவலகம் போனால் மாலைதான் திரும்புவேன். ஒரு வாரம் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். என் ராசி, மறுநாள் காலையிலேயே கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவர் படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம். பிளம்பர் வந்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார், தட்டினார், கடைசியில் கூடத்துச் சுவரின் நடுவில் கையை வைத்து இங்கேதான் உடைக்க வேண்டும் என்றார்.

வேறு எந்தச் சுவரைக் காட்டியிருந்தாலும் பரவாயில்லை. அது அம்மா நிறம் தேர்ந்தெடுத்து அடிக்கவைத்த சுவர். ஆறு வருடத்துக்கு முன், பதினோரு மாதிரி அட்டைகளை அதில் ஒட்டிவைத்து, காலையில் ஒரு தரம் மாலையில் ஒரு தரம் பார்த்து, ஒரு மாதம் எங்கள் உயிரை வாங்கிய வெள்ளை. வெள்ளை என்று அவள் சொன்னாள். பழைய பேப்பர் நிறம் என்று அப்பா சொன்னார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த இரண்டு வருடத்தில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அப்பா விட்டதில்லை. போன வருடம், எல்லாம் மங்கிவிட்டது, மறுபடி அடிக்கலாமா என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் தட்டில் கை வைத்தார். ஆபரேஷனுக்குக் கிளம்பும்போதும் வாசலில் நின்று, "எதையும் மாத்திடாத" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டார்.

குழாய் சரியானது. சுவரைப் பூசியும் ஆயிற்று. ஈரம் காய்ந்ததும் நடுச்சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் என்னைப் பார்த்து முறைத்தது. சொல்லிவிடலாமா என்று தங்கையிடம் கேட்டேன். கண் ஆறும்வரை மூச்சு விடாதே, அவர் அழுதுவைத்தால் யார் பார்ப்பது என்றாள்.

அம்மா எழுதிவைத்திருந்த நிறத்தின் பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனேன். நிறம் கலக்கும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அந்தக் கம்பெனி அந்த நிறத்தை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது என்றார். வேறு கம்பெனியில் இதற்கு ஈடான எண் ஒன்று உண்டாம். கலக்கித் தந்தார். எங்களுக்கு எப்போதும் அடிக்கிற பெயின்டர் வந்து அடித்தார். ஈரத்தில் அச்சு அசலாக இருந்தது. காய்ந்ததும் கட்டுப் போட்ட காயம் மாதிரி நீலம் தட்டி நின்றது.

"நிறம் கலக்கிற அடிவெள்ளையே ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற மேடம்" என்றார் மிஷின்காரர், நான் மறுபடி போனபோது. "சிவப்பு கேளுங்க, கண்ணை மூடிட்டுக் கலக்கித் தரேன். இந்த அரைகுறை வெள்ளைதான் ஆளைக் கொல்லும்."

சுவரிலிருந்து நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்த்து வந்தால் மிஷின் அதைப் படித்து அதே நிறத்தைத் தரும் என்றார். நான் புத்திசாலி இல்லையா, அப்பா கண்ணில் படாத இடமாகப் பார்த்து, அதே சுவரில் பீரோவுக்குப் பின்னால் பிளேடு வைத்துப் பெயர்த்தேன். சில்லும் பெயின்டும் கடையில் அப்படியே பொருந்தின. வீட்டில் அடித்துக் காய்ந்ததும் மறுபடி கட்டுப் போட்ட காயம். பெயின்டர் உட்கார்ந்து சிரித்தார். பீரோவுக்குப் பின்னால் ஆறு வருடமாக வெயில் படவில்லை, சமையல் புகை படவில்லை. நான் பெயர்த்து வந்தது சுவரின் இளமைக் காலத்தை. மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் அடித்துவிட்டால் ஒட்டுத் தெரியாது, அரை நாள் வேலை என்றார் அவர். எல்லோரும் செய்வதும் அதுதான். ஆனால் அப்படி அடித்தால் அம்மாவின் நிறம் ஒரு விரற்கடைகூட மிச்சமிருக்காது. வேண்டாம் என்றேன்.

மூன்றாவது தடவை ஒட்டுக்குப் பக்கத்திலேயே பெயர்த்தேன். மஞ்சள் கூடிவிட்டது. நான்காவதில் சிவப்பு எட்டிப் பார்த்தது. அலுவலகம் விட்டதும் பஸ், பஸ் விட்டதும் கடை, கடை விட்டதும் வீடு. கலக்கியதை அட்டையில் தடவி, மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு தரம், டியூப்லைட்டில் ஒரு தரம் சுவரோடு வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அலுவலகத்தில் யாராவது கடிதம் நீட்டினால், இந்தக் காகிதம் எந்த வெள்ளை என்று புத்தி போயிற்று. ஒரு நாள் கடையில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. மிஷின்காரர் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

இத்தனைக்கும் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் அப்படி ஒன்றும் பாசம் வழிந்து ஓடவில்லை. அம்மாவுக்குக் கல்லீரல் கெட்டபோது நான் வேலை விஷயமாக இரண்டு மாதம் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்த அன்று கதவைத் திறந்த அம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். தன் உடம்பைப் பற்றி அம்மா வாய் திறக்கமாட்டாள், அது தெரிந்த கதை. ஆனால் அவளோடு நாள் முழுக்க அதே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த மனிதர், எப்பவும் போலத்தானே இருக்கா என்று என்னிடம் கேட்டார். ஒரு மாதம் முன்னால் கூட்டி வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு போடுகிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். மன்னிக்கவில்லை. பிறகு ஏன் அந்தச் சுவருக்காக நாயாய் அலைந்தேன் என்றால், அது அவளுடைய சுவர்.

ஏழாம் நாள், ஐந்தாவது கலவை. மிஷின் சொன்னதை ஒதுக்கிவைத்துவிட்டு மிஷின்காரர் கையாலேயே கறுப்பில் ஒரு துளியும் காவியில் அரைத் துளியும் விட்டார். பெயின்டர் ஓரங்களை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கரைத்தார். காய்ந்த பிறகு நான் விலகி நின்று பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. தரையில் அப்படியே படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை தங்கை அப்பாவை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். அவர் நேராகக் கூடத்துக்கு வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சுவரைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"எல்லாத்தையும் மாத்திட்டியா?"

நான் பதறிப்போய் நடந்ததைக் கொட்டினேன். குழாய் ஒழுகியது, இரண்டு சாண்தான் உடைத்தோம், அதை மட்டும்தான் அடித்தோம், மற்றதெல்லாம் அம்மா அடிக்கவைத்தது. எங்கே அந்த இரண்டு சாண், காட்டு என்றார். சுவரைத் தடவினேன். இங்கே என்றேன், இல்லை, கொஞ்சம் மேலே என்றேன். கிடைக்கவில்லை. எட்டு நாள் நான் பட்ட பாடு, என்னையே பொய்க்காரியாக்கி நிறுத்தியிருந்தது.

"புதுச் சுவரும்மா இது" என்றார். "ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளேர்னு இருக்கு. அவ வச்ச நிறத்தை அழிச்சிட்டே."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியிருப்பேன். அப்போதுதான் டாக்டர் சொன்னது உறைத்தது. புரை எடுத்த பிறகு நிறமெல்லாம் வேறாகத் தெரியும், பழைய கண் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிக் காட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று ஒரு வரி சொல்லியிருந்தார். நான் சொட்டு மருந்துக் கணக்கில் அதைக் கோட்டைவிட்டிருந்தேன்.

"அந்த வலது கண்ணை மூடுங்கப்பா. இடது கண்ணால மட்டும் பாருங்க."

உள்ளங்கையால் மூடிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான். இதுதான் அவ நிறம்."

"இப்ப கையை எடுங்க."

எடுத்தார். மறுபடி மூடினார். மறுபடி எடுத்தார். சுவர் ஒன்றுதான், அம்மா பார்த்தது இந்த வெள்ளையை, நீங்கள் பார்த்தது உங்கள் கண்ணின் புரையை என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. கை கண்ணுக்கும் மடிக்கும் போய்ப் போய் வந்தது. பிறகு மடியிலேயே நின்றுவிட்டது.

"எத்தனை வருஷமா இப்படி?"

அம்மா இந்தச் சுவரை அடிக்கவைத்தபோதே ஆரம்பித்திருக்கும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் எதை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நீ வந்து கத்தினியே, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு, பார்க்கலையான்னு" என்றார். "பார்த்தேம்மா. தினமும் அவ முகத்தைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாமே அந்த நிறமாத்தான் இருந்துச்சு."

இந்த மனிதரைக் கேட்க வேண்டும் என்று நான்கு வருடமாக மனதுக்குள் சேர்த்துவைத்த கேள்விகள் என்னிடம் நிறைய இருந்தன. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்கப்பா, கண்ணுக்கு ஆகாது" என்றேன். அழுதுகொண்டிருந்தது நான்தான்.