மச்சான் முறுக்கிய திருகு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை வேலைவெட்டி இல்லாததால் பிறந்தது. என் மனைவி சரக்கு லாரி ஓட்டுகிறாள்; நான் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், லாரிக்குப் புது லிஃப்ட் பம்ப் மாட்ட வந்தார். வேடிக்கை பார்க்கப் போனவன் சும்மா போயிருக்கலாம். பேனாவோடு போனேன்.

தொடக்கம்: 'டீசல் வாசத்தோடு விடிந்த அந்தக் காலையில்...' சீ, அடித்தாயிற்று.

இன்னொன்று: 'ஒரு திருகுக்குள் ஒரு பிரபஞ்சமே...' இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.

2

நேராகவே சொல்கிறேன். டேங்கிலிருந்து டீசலை எஞ்சினுக்குத் தள்ளுவது லிஃப்ட் பம்ப். வண்டியோடு வந்தது செத்துப்போனதால் இது வெளியில் வாங்கியது. அதில் ஒரு திருகு. முறுக்கினால் அழுத்தம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அழுத்தம் பதினைந்து பி.எஸ்.ஐ. போதும் என்று பம்போடு வந்த தாள் சொல்கிறது. எக்கச்சக்கமாக ஏறினால் கசிவைத் தடுக்கும் சீல் பிய்ந்து, எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து, எஞ்சினே காலி. நாளைக்கு அவள் பாரத்தோடு மலை ஏறவேண்டும். எங்களுக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான்.

3

எஞ்சின் ஓடுகிறது. மச்சான் வண்டிக்கடியில். அவள் டிரைவர் சீட்டில் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக் கத்துகிறாள்.

"பதினஞ்சு! போதும்ண்ணே!"

"இரு, இன்னும் கொஞ்சம். மலை ஏறுற வண்டிக்குத் தெம்பு வேணாமா?"

"இருபது! அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுண்ணே, விடு!"

"புள்ளைக்குச் சோறு ஊட்டுறப்ப அளந்தா ஊட்டுவ?"*

இருபத்திரண்டு. அவள் எஞ்சினை அணைத்துவிட்டாள்.

(* உவமை அவருடையது. இவ்வளவு மோசமாக நான் எழுதமாட்டேன். எழுதியிருக்கிறேன்.)

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். இப்படி ஒரு பிடிவாதக்காரரை யாராவது நம்புவார்களா? [மச்சான் உள்ளவர்கள் நம்புவார்கள்.]

"கூடிப்போச்சுண்ணே. தளர்த்திடு."

குப்புற விழுந்தால்தானே மீசையில் மண் ஒட்டும்? இவர் மல்லாந்து படுத்திருக்கிறார்.

"கூடிப்போச்சுன்னு எனக்கும் தெரியுது. தளர்த்தறேன். ஆனா மாப்ள அங்க உக்காந்து எழுதிக்கிட்டிருக்காரே, மொதல்ல அதக் கிழிக்கச் சொல்லு. நாலு பேரு படிச்சுச் சிரிக்கவா நான் மண்ணுல கெடக்கறேன்? கிழிக்கிற சத்தம் கேக்கற வரைக்கும் வெளிய வரமாட்டேன்."

அந்தத் திருகைத் திருப்ப இருப்பது ஒரே ஆலன் கீ. அது அவர் கையில்.

5

முடிவு அ: கிழிக்கிறேன். அவர் தளர்த்துகிறார். வண்டி மலை ஏறுகிறது. கதை இல்லை.

முடிவு ஆ: கிழிக்கவில்லை. கதை உண்டு. வண்டி

முடிவு இ: வேறு ஏதாவது தாளைக் கிழித்துச் சத்தம் மட்டும் காட்டி... முடியாது. அவள் இறங்கி வந்து என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"உங்களுக்கு எதுங்க பெருசு?" என்கிறாள். "என் வண்டியா, இந்தக் காகிதமா?"

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். காகிதம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன நினைக்கவேண்டுமோ நினைத்துக்கொள்ளுங்கள்.