பாக்கெட் உயரம்

காலணியைக் கழற்றிப் பார்த்தார்கள். அப்போதும் செரீனாவின் அப்பா பேசில் சவப்பெட்டிக்குள் அடங்கவில்லை. தலையை மேலே தள்ளினால் பாதம் இடித்தது, பாதத்தைக் கீழே இறக்கினால் தலை இடித்தது. பெட்டி கொண்டுவந்தவர் நிமிர்ந்து, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

"போன்ல சைஸ் கேட்டேன்மா. நார்மல்னு சொன்னாங்க."

போனில் அப்படிச் சொன்னது செரீனாவின் கணவன் தனேஷ். அவன் இப்போது மின்விசிறியை ஏதோ பழுதுபார்க்க வந்தவனைப்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆறடி ஓர் அங்குலத்து மாமனாரைப் பதின்மூன்று வருஷமாகப் பார்த்துவிட்டு நார்மல் என்று சொல்ல எப்படி வாய் வந்தது என்று செரீனாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"முட்டிய லேசா மடக்கிட்டா வெளிய தெரியாது," என்றார் பெட்டிக்காரர்.

"மடக்க வேணாம் அங்கிள். பெரிய பெட்டியா கொண்டு வாங்க."

"கிளாங்குலேர்ந்து வரணும். சாயந்தரம் ஆயிரும்."

"பரவால்ல. ஆகட்டும்."

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை வேனில், கோயில் பெஞ்சில், தம்பி முறைக்காரர்களின் சின்ன வீட்டுக் கதவுகளில் அப்பா எழுபத்தோரு வருஷம் குனிந்தும் மடங்கியும் ஆகிவிட்டது. இனியாவது நீட்டிப் படுக்கட்டும் என்று அவள் நினைத்தாள். நேற்றுக் காலை ஜெஞ்சாரோம் பாசாரில் கெம்போங் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே ஒரு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தாராம். மீன்காரர் மீனை வெட்டிப் பையில் போட்டு நீட்டும்போது ஆள் இல்லை.

அப்பாவை மறுபடி கட்டிலில் கிடத்தினார்கள். அத்தை சாந்தமேரி வந்து அண்ணனின் வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவைச் சரியாகச் செருகினாள். பேனா இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. அந்தப் பேனாவின் மூடி செரீனாவின் நெற்றிக்கு நன்றாகத் தெரியும். அப்பா அவளை அணைக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் வந்து குத்தும். கல்யாணப் படத்தில்கூட அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

செரீனா பின்வாசலுக்குப் போனாள். அங்கேதான் அவளுக்கு ஆகாத விஷயம் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் செம்பனை. அதற்கு முன்னால் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் நீலக் கன்வஸ் போர்த்திய ஏதோ ஒன்று நின்றது. கன்வஸுக்குக் கீழே தடித்த, பல் பல்லான நான்கு சக்கரங்கள் தெரிந்தன. நேற்று வந்து இறங்கியதும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனவள், இதுவரை அதன் பக்கம் போகவில்லை.

போன கிறிஸ்துமஸின்போது ஆரம்பித்த பேச்சு அது. பேரப்பிள்ளைகள் வந்தால் சோபாவில் கைப்பேசியோடு சாய்ந்துவிடுகிறார்கள், செம்பனைக் கெபுனுக்குள் சுற்றிவர ஒரு ஏடிவி வாங்கப்போகிறேன் என்றார் அப்பா. சேறு, வாய்க்கால், மேடு எதுவானாலும் ஏறும் நாலு சக்கர வண்டி. செரீனா போர்ட்டிக்சன் கடற்கரையில் அதைப் பார்த்திருக்கிறாள். ஒரு அப்பா, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. ஒரு மணல்மேட்டில் ஏறி, அது அப்படியே மல்லாந்தது. பிள்ளைகள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

"அதை வாங்கினீங்கன்னா புள்ளைங்க இங்க வராது. சொல்லிட்டேன்."

"சரி லா," என்றார் அப்பா. அவர் சரி என்றால் சரி என்று அர்த்தமில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகளைத் தனேஷ் மட்டும் அழைத்துவந்தான். பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கில் சனிக்கிழமை வேலை என்று அவள் சாக்குச் சொன்னாள். வேலை மதியத்தோடு முடிந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்: "வாங்கிட்டீங்களா?" "பார்த்துக்கிட்டு இருக்கேன்," என்றார். அவள் போனை வைத்துவிட்டாள். அப்பாவும் மகளும் கடைசியாகப் பேசியது அதுதான். சக்கரத்தைப் பார்த்தால், வாங்கிவிட்டு, அவளிடம் பூசி மெழுகியிருக்கிறார் என்றுதான் தெரிந்தது.

செத்துப்போனவர்மேல் கோபப்படுவது பெரிய அவஸ்தை. சண்டை போட ஆள் இல்லை, விட்டுக்கொடுக்கவும் ஆள் இல்லை. இன்று காலை பூ வாங்க அப்பாவின் காரை எடுத்தாள். எப்போதும்போல இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். இழுத்த பிறகுதான், முணுமுணுத்துக்கொண்டே அதைப் பின்னால் தள்ள இனி யாரும் இல்லை என்பது உறைத்தது. பூக்கடை வரைக்கும் அழுதுகொண்டேதான் ஓட்டினாள்.

கொட்டகை ஓரத்தில் அடுக்கியிருந்த சிவப்பு நாற்காலிகளில் இரண்டை இழுத்துப்போட்டு அவள் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வயது ஐவன் கைகட்டி நின்றான். ஏழு வயது நத்தாலி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"முதுகு ஒட்டுதா?"

"ஒட்டுது."

"கை ரெண்டும் புடி. குதிகால் படுதா?"

நத்தாலி கீழே பார்த்தாள். "விரல் படுது."

"குதிகால். தாத்தா குதிகால்தான் கேப்பாரு. ஃபெயில்."

செரீனா அருகில் போனாள். "என்னடா வெளாட்டு இது?"

"தாத்தா டெஸ்ட், மம்மி. ஒவ்வொரு தடவ வந்தப்பவும் வெப்பாரு."

"எதுக்கு?"

"தெரியாது. ரெண்டு பேரும் பாஸ் ஆனாதான் சொல்வேன்னாரு," என்றான் ஐவன். பிறகு நீலக் கன்வஸைப் பார்த்தான். "அது என்ன மம்மி?"

"தொடாத."

அவள் சொன்ன வேகத்தில் ஐவன் ஓரடி பின்வாங்கினான். முதுகு, கை, குதிகால். எந்த விளையாட்டில் குதிகாலுக்கு மார்க் போடுவார்கள்? அவளுக்கு விளங்கவில்லை. விளங்காதது கோபத்துக்கு நடுவில் சின்னக் கல்லாக உறுத்தியது.

நாலு மணிக்குமேல் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புச் சுடிதார், கையில் வெள்ளை ரோஜாக் கொத்து. வந்தவள் யாரையும் பார்க்காமல் நேராகக் கட்டிலருகே போனாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சி அழ ஆரம்பித்தாள். வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் இருந்த பெண்களின் கழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

அத்தை செரீனாவின் முழங்கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்தாள்.

"யாருடி இவ?"

"தெரியல அத்தை."

"எனக்குத் தெரியும்னு வெச்சுக்கயேன். சனிக்கெழம சனிக்கெழம அண்ணன் ஷூவ பாலிஷ் போட்டுக்கிட்டு பூச்சோங் போவாரு. செண்டு வேற! எங்கன்னு கேட்டா, சும்மாம்மா, ஒண்ணு பாக்கறேன்னு சிரிப்பாரு. அண்ணி போயி ஒம்போது வருஷமாச்சு, போயிட்டுப் போறாருன்னு நானும் விட்டுட்டேன். இப்ப பாரு, வந்துருச்சு."

"அத்தை, சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். நீ போயி கேளு."

செரீனாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அப்பாவுக்குச் செண்டா? கல்யாண வீட்டுக்கே டால்கம் பவுடரோடு போகிற மனுஷன். அவள் ஒரு கோப்பை மைலோவை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனாள். அத்தை கதவருகே வந்து, துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க...?"

"உஷாராணி, அக்கா. பூச்சோங்குல ஏடிவி கடையில வேல செய்றேன். நேத்து வண்டி நல்லா ஓடுதான்னு கேக்க அங்கிளுக்கு போன் அடிச்சேன். யாரோ எடுத்து சொன்னாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா சனிக்கெழம ஆனா வந்துருவாரு. எங்க பாஸ் சொல்வாரு, அந்த அங்கிளுக்கு ஒரு சம்பளம் குடுக்கலாம் லான்னு."

தட்டுத் துடைக்கும் சத்தம் நின்றது. அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

"ரெண்டு மாசமா என்ன பார்த்தாரு?" என்று கேட்டாள் செரீனா.

"மொதல்ல பெரிய ஏடிவி. பேரப்புள்ளைங்களப் பின்னால ஏத்தலாமான்னாரு. ஒரு ஆளுக்கு மட்டும்தான் அங்கிள், பின்னால ஏத்தினா கவுந்துரும்னேன். 'என் மகளும் அதான் சொல்லுச்சு'ன்னாரு. அதுக்கப்புறம் சின்னப் புள்ளைங்களுக்குன்னு வர்ற குட்டி வண்டி. பையனுக்கு சரியா இருக்கும், தங்கச்சிக்கு எட்டாதுன்னேன். ஒண்ணு ஓட்டி ஒண்ணு வேடிக்க பார்க்கக் கூடாதுன்னு அதையும் வேணாம்னுட்டாரு. கடைசியில நாலு சீட்டு. கார் மாதிரி ஸ்டேரிங், சுத்தி இரும்புக் கம்பி, எல்லா சீட்டுக்கும் பெல்ட்டு. புள்ளைங்க முதுகு சீட்டுல ஒட்டணும், கம்பிய புடிக்கணும், குதிகால் கீழ படணும், படலன்னா ஏத்தாதீங்க அங்கிள்னு நான்தான் சொன்னேன்."

செரீனா கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஐவன் தன் தங்கையின் காலடியில் குந்தி, தரைக்கும் குதிகாலுக்கும் இடையே விரலை விட்டுக்கொண்டிருந்தான்.

"பேத்திக்கு இன்னும் ஒரு விரல் இருக்கு, அது வளர்ற வரைக்கும் வண்டி நிக்கும்னாரு," என்றாள் உஷாராணி. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கவா அக்கா? கடைசி சனிக்கெழம என்னைய டிரைவர் சீட்டுல ஒக்கார வெச்சாரு. எறங்கச் சொன்னாரு, மறுபடி ஏறச் சொன்னாரு. அப்புறம் பக்கத்துல நிக்க வெச்சு, 'நீ என் பாக்கெட்டுக்கு மேல ரெண்டு விரல் இருக்கம்மா'ன்னு சொல்லி, மெக்கானிக்கக் கூப்புட்டு சீட்ட இன்னொரு பல்லு முன்னால தள்ளி இறுக்கச் சொன்னாரு. ஏன் அங்கிள்னேன். சிரிக்கிறாரு. எதுக்குக்கா அது?"

செரீனா பதில் சொல்வதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பெரிய பெட்டி வந்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள். ஆறு பேர் தூக்கிக் கிடத்த, இந்த முறை அப்பா முழுசாகப் படுத்தார். பாதத்துக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் இருந்தது. அத்தை மறுபடி பேனாவைச் சரிசெய்தாள்.

செபமாலைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சமையல்காரர்களுக்கு மேசை போட இடம் வேண்டும், கொட்டகையைக் காலிபண்ணித் தாருங்கள் என்றார்கள். மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு தனேஷ் போனான். செரீனாவும் பின்னால் போனாள். அவன் கன்வஸை உருவியபோது அவள் கண்ணை மூடவில்லை.

உஷாராணி சொன்னதுபோலத்தான் இருந்தது. பச்சை நிறம், தலைக்குமேல் இரும்புக் கம்பிகள், நான்கு இருக்கைகள், நான்கு பெல்ட்டுகள். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

தனேஷ் ஏறினான். முழங்கால் இரண்டும் ஸ்டேரிங்கில் முட்டின. பக்கவாட்டில் திரும்பி இன்னொரு முறை முயன்றான்.

"அட, யாரு சீட்ட இவ்ளோ முன்னால தள்ளி வெச்சது? எனக்கே இடிக்குது. மாமா எப்படி ஒக்காந்து ஓட்டியிருப்பாரு?"

அவன் கை இருக்கைக்கு அடியில் நெம்புகோலைத் தேடியது.

"தொடாதீங்க!"

சத்தமாகத்தான் சொல்லிவிட்டாள். சமையல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எறங்குங்க தனேஷ். நான் எடுக்கறேன்."

"நீயா? இந்த வண்டியவா?"

"ம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், இறங்கிச் சாவியைக் கொடுத்தான். செரீனா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடிப் போனது. தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எட்டிப் பிடிக்கவும் வேண்டியதில்லை. இருக்கையை இழுக்கக் கீழே போன கையை அவள் பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐவனும் நத்தாலியும் ஓடிவந்து வண்டியின் இருபுறமும் நின்றார்கள். கன்வஸுக்குள் இருந்தது என்ன என்பது ஐவனுக்கு இப்போது புரிந்துவிட்டது. அவன் முகம் திடீரென்று பெரிய ஆளின் முகம்போல ஆனது.

"மம்மி, முதுகு ஒட்டுதா?"

"ஒட்டுது."

"கை?"

அவள் ஸ்டேரிங்கைப் பிடித்துக் காட்டினாள்.

நத்தாலி குனிந்து உள்ளே பார்த்தாள். "குதிகால் படுது. பாஸ்."

"பெல்ட்டு போடுங்க மம்மி," என்றான் ஐவன்.

போகவேண்டியது கொட்டகைக்கு எதிரே இருந்த தென்னைமரம் வரைக்கும்தான். இருந்தாலும் அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். உள்ளே அத்தையின் குரல் செபமாலையைத் தொடங்கியது. கூடாரம் முழுக்கப் பதில் சொன்னது. செரீனாவும் வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினாள். ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் கொட்டகையைவிட்டு வெளியே வந்தது. பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள்.