பட்டாணியின் காத்திருப்பு

எங்கள் தெருவில் நாய் செத்துப்போனால் உடலை மட்டும்தான் கார்ப்பரேஷன் வண்டி எடுத்துக்கொண்டு போகும். அதன் காத்திருப்பை எடுக்க மாட்டார்கள். அது படுத்திருந்த இடத்திலேயே கிடக்கும். எங்கள் நாய் பட்டாணியின் காத்திருப்பு கேட்டுக்கு உள்பக்கம், கோணிச் சாக்கின் மேல் கிடக்கிறது. அந்த இடத்தில் கை வைத்தால் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பூனை வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பூனை என்றைக்கு யாருக்காகக் காத்திருந்தது?

தொல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது போன நாளிலிருந்து எனக்குத் தொண்டைக்குக் கீழே சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். வேலை முடிந்து நான் தெருமுனையில் திரும்பும்போதே பட்டாணி குரைக்கும். அதைக் கேட்டுத்தான் என் மனைவி திலகவதி பாலை அடுப்பில் வைப்பாள். நான் வந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு அப்படித்தான் தெரியும். இப்போது குரைக்க ஆளில்லை. அதனால் நான் வந்தாலும் வந்ததாக ஆவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நிற்பேன். திலகவதி எனக்குப் போன் செய்வாள்.

“எங்க இருக்கீங்க?”

“உன் பக்கத்துலதான் நிக்கிறேன்.”

“சரி சரி, சீக்கிரம் வந்து சேருங்க. ரசம் ஆறுது.”

உட்கார்ந்து சாப்பிடுவேன். விடிந்து பார்த்தால் சோறு மூடிவைத்தது வைத்தபடி இருக்கும். வீட்டுக்கு வந்து சேராதவன் வீட்டிலிருந்து கிளம்பவும் முடியாது. ஆகையால் தெருமுனையைத் தாண்டி வேலைக்கும் போக முடியவில்லை. யாராவது போனில் என்னைக் கேட்டால், “அவர் இன்னும் வழியிலதான் இருக்கார்” என்பாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

“அழாதே” என்பேன்.

“நீங்க வந்துட்டா நான் ஏன் அழறேன்?”

பக்கத்து வீட்டு மரியதாஸ் சார் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி வழி சொன்னார். “அந்தச் சாக்குல யாராவது உக்காந்து உங்களை வரவேத்தாதான் சார் இது தீரும்.”

திலகவதி ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தாள். நான் தெருமுனைக்குப் போய்த் திரும்பி நடந்து வந்தேன். “வர்றதுக்கு இவ்வளவு நேரமா?” என்று கேட்டுவிட்டாள். அது செல்லுபடியாகவில்லை. பட்டாணி ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அதற்கப்புறம் நான் பேசினால் அவள் பதில் சொல்வதும் நின்றுபோனது. என்னை ஊடுருவி வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது. பட்டாணியும் போய், இவளுக்கு நானும் இல்லாமல் போவதா?

சாக்கில் உட்கார மிச்சமிருந்தது நான்தான். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் போய் உட்கார்ந்தேன். வருஷக்கணக்காக மடங்காத முழங்கால் வலியில்லாமல் மடங்கியது. தெருமுனை மாவு மில் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் என் வாசனை வந்தது.

தெருமுனையில் நான் திரும்பி வருவது தெரிந்தது. ஒரு தோள் தாழ்ந்து, டிபன் பை தரையில் இடிபட, யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வருகிற முகத்தோடு. அடப்பாவி, இவ்வளவு களைத்துப்போயா தினமும் வந்திருக்கிறேன்? இந்த மூஞ்சியைப் பார்த்துத்தானா அது அப்படித் துள்ளியது? எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். தெரு முழுக்கக் குரைப்பு கேட்டது.

டிபன் பையோடு அவர் கேட்டைத் திறந்தார். “என்னடா” என்று என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது.

“வந்துட்டீங்களா!” என்றாள் திலகவதி. அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அதற்காக எந்தச் சாக்கில் வேண்டுமானாலும் கிடக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் அலுமினியத் தட்டில் தயிர்சாதம் கொண்டுவந்து வைத்தாள். விரலால் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தாள்.

“ரெண்டு பேரும் சண்டை போடாம சாப்பிடுங்க” என்றாள்.

நான் என் பக்கத்தைச் சாப்பிட்டேன். பட்டாணி நக்குகிற அதே சத்தத்தோடு அடுத்த பக்கமும் காலியாகிக்கொண்டு வந்தது.