சிரிக்கிற இடம்

...இல்லை, படத்தில் இந்த இடத்தில் சிரிக்காமல் யாராலும் இருக்க முடியாது, இவளும் சிரிப்பாள், சிரித்தே ஆகவேண்டும், என்று சோபாவின் இந்த முனையில் அவள் காத்திருந்தாள், அந்த முனையில் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு மகள், பதினேழு வயது, ஒரு மாதமாக வகுப்புக்குப் போவதில்லை, ஏன் என்று கேட்டால் தலைவலி, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாலும் தலைவலி... டாக்டரிடம் காட்டியாயிற்று, கெஞ்சியாயிற்று, கத்தியாயிற்று, கல்லில் நார் உரிக்கலாம், இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. முழுகுகிறவள் கைக்கு அகப்பட்ட துரும்பு போல இந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இந்தப் படம்தான் மிச்சம். அவளுக்கே பதினேழு வயதாக இருந்தபோது வந்த படம். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பையன் துரத்துகிறான், பெண் மாட்டேன் என்கிறாள், கடைசியில் சரி என்கிறாள், அவ்வளவுதான், ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சம், பாட்டே போடாமல் வெறும் மழைச் சத்தத்தில் ஒரு காட்சியை ஓட்டிக்காட்டும் தைரியம், இப்போது வருகிற படங்களில் எங்கே இருக்கிறது? அவள் உதவியாளராக வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் இந்தப் பேச்சை எடுத்தாலே டாக்டரம்மா, "ஆரம்பிச்சிட்டியா, பேஷன்ட்டுக்கு மயக்க ஊசியே வேணாம்" என்பார். அப்படிப்பட்ட பைத்தியம்.

இதோ வந்துவிட்டது, பஸ் காட்சி, கதாநாயகி பஸ்ஸில் ஏறுகிறாள், ஒவ்வொரு இருக்கையிலும் அவனுடைய நண்பர்கள் சட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவன் தூங்குவதுபோல் குறட்டை, ஒருவன் பக்கத்து இடத்தில் பூசணிக்காயை உட்கார வைத்திருக்கிறான், காலியாக இருப்பது நாயகன் பக்கத்து இடம் மட்டும்... அன்றைக்குத் தியேட்டரே குலுங்கியது, இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே திரும்பினாள், மகளின் முகம் சுவர் மாதிரி இருந்தது.

"நிறுத்தும்மா."

நிறுத்தினாள். ஐயோ, இதுவும் பலிக்கவில்லையா, இனி என்ன செய்வது, எந்தச் சாமியிடம் போய் நிற்பது?

"அவ இறங்கணும்னு பாக்குறா. பஸ் முழுக்க அவன் ஆளுங்க. அவ எங்க போவா?"

"அது விளையாட்டுடி, பாரேன், இப்ப அந்தப் பூசணிக்காய..."

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவள் பாதியில் நின்றாள். உறைந்து நின்ற படத்தில் கதாநாயகி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கை மேல்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் மூட்டெல்லாம் வெளுத்து... இந்தக் கையை அவளுக்குத் தெரியும், தினமும் பார்க்கிற கை, வலிக்கலையே என்று வாய் திறந்தபடி தலையாட்டும் நோயாளிகள் நாற்காலியின் பிடியை இப்படித்தான் பற்றுவார்கள். இத்தனை வருடம், இத்தனை தடவை, அவள் பார்த்ததெல்லாம் பூசணிக்காயைத்தானா?

"எங்க பஸ்லயும் அப்படித்தான்," என்றாள் மகள், தலையணையிடம் சொல்வதுபோல. "முன்னாடி அவன், பின்னாடி அவன் ஃப்ரெண்ட்ஸ். நான் எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. கண்டக்டர்கூட சிரிக்கிறாரும்மா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி..."

"நீயும் சிரிச்சிட்டீன்னா?"

இந்தச் சிரிப்பு இன்னும் கன்னத்தில் காயவில்லையே, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், நகர்ந்து போய் மகளை இழுத்து அணைத்தாள், எலும்பும் தோலுமாக இருக்கிறாளே, எப்போது இப்படி ஆனாள்? "நாளைக்கு அந்த பஸ்ல நானும் வரேன், எவன் சிரிக்கிறான்னு பாக்குறேன்" என்றாள், ஒரு நாள் கூடவே போகலாம், தினமும் போக முடியுமா, போகாத நாளில்? மகள் விலகவில்லை, தோளில் ஈரம் படர்ந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது, தூங்கி எழுந்த முகத்தோடு கணவன், திரையைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரிய, "அட, நம்ம படம்! அம்மாவ நான் எப்படிப் புடிச்சேன்னு சொன்னாளா?" என்றான். சொல்லியிருக்கிறாள், எத்தனையோ விசேஷ வீட்டில் கைதட்டல் வாங்கிய கதை, தட்டச்சு வகுப்பு வாசலில் அவன், எதிர்க் கடையில் இரண்டு நண்பர்கள், திருப்பத்தில் ஒருத்தன், இவள் எந்தப் பக்கம் இறங்கி நடந்தாலும்... மகள் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். நல்ல மனுஷன், ஒரு நாள் கை நீட்டியதில்லை, இவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து ஊட்டுகிறவன், அதிலெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் அன்று வகுப்பு மாடிப்படியில் நின்று கீழே எட்டிப் பார்த்த பெண்ணுக்கு நெஞ்சு படபடவென்று அடித்ததே, கீழே இறங்காமல் எல்லோரும் போகும்வரை நின்றாளே, அதற்குக் காதல் என்று பெயர் வைத்தது அவளா, இந்தப் படமா... வேறு ஒரு பெயர் இருக்கக்கூடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால்?

"போடு, பாக்கலாம்," என்று அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், அவள் உடம்பு தன்னையறியாமல் மகள் பக்கம் ஒரு விரற்கடை ஒதுங்கியது.